பகுதிகளைப் பிரதிசெய்தலும் கிளெஃப், ஒக்டேவ் பிழைகளைத் திருத்துதலும்

(மேலைத்தேய சங்கீதம் – க.பொ.த. சாதாரண தர மாணவர்களுக்கானது)



நான்கு குரல்களுக்கான ஒரு ஸ்கோரிலிருந்து ஒவ்வொரு குரலுக்கும் தனித்தாள் தயாரிப்பதும், ஒரு வாத்தியத்திற்கு எழுதியதை வேறொரு வாத்தியத்திற்கு மாற்றி எழுதுவதும் பகுதிகளைப் பிரதிசெய்தல் எனப்படும். முன்னர் இது பேனாவினால் செய்யப்பட்டது. இன்று மியூஸ்ஸ்கோர், சிபேலியஸ் போன்ற இசைக்குறியீட்டு மென்பொருள்களில் செய்கிறோம். மியூஸ்ஸ்கோர் இலவசமாகக் கிடைப்பதால் உங்களில் பலர் அதனையே பயன்படுத்துவீர்கள். பழைய வழிகாட்டி நூல்கள் பரிந்துரைக்கும் ஃபினாலே மென்பொருளின் மேம்பாடு நிறுத்தப்படுவதாக 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. எனவே புதிதாகப் பழகுவோர் அதனைத் தேட வேண்டியதில்லை.

மென்பொருள் வேகமாக எழுதித்தரும். ஆனால் எழுதியது சரியா என்று பார்ப்பது நமது வேலை. எழுத்துப் பரீட்சையிலோ கணினி உங்களுக்குத் துணைக்கு வராது. பென்சிலும் தாளும் மட்டுமே இருக்கும். ஆகவே இப்பாடத்தில் எந்தச் சாவியை அழுத்துவது என்பதோடு, ஏன் அழுத்துகிறோம் என்பதையும் கற்போம்.

இப்பாடத்தின் முடிவில் நீங்கள்,

• ஒரே சுரத்தை வெவ்வேறு கிளெஃப்களில் சரியான இடத்தில் எழுதுவீர்கள்.
• எழுதப்படும் சுரத்திற்கும் ஒலிக்கும் சுரத்திற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவீர்கள்.
• பிழை தாளிலா, ஒலியிலா என்று பிரித்தறிந்து திருத்துவீர்கள்.

1. எனக்கு நேர்ந்த ஒரு பிழை

பாடத்திற்குள் செல்லுமுன் ஒரு சம்பவம். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பாடசாலையின் ஒளிவிழாவிற்காகப் பாடகர் குழுவுக்குத் தாள்கள் தயாரித்துக் கொடுத்தேன். பழைய நூலில் டெனர் பகுதி எந்த இடத்தில் இருந்ததோ, அதே இடத்தில் பார்த்துப் பார்த்துக் கணினியில் இட்டேன். இயக்கிக் கேட்டபோது டெனர் குரல் சொப்ரானோவுக்கும் மேலே கேட்டது. “ஒரு ஒக்டேவ் கூடிவிட்டது” என்று எண்ணி எல்லாச் சுரங்களையும் ஒரு ஒக்டேவ் கீழே இறக்கினேன். கணினி இப்போது சரியாக ஒலித்தது. மகிழ்ச்சியோடு அச்சிட்டுக் கொடுத்தேன்.

ஒத்திகையில் டெனர் மாணவர்களால் பாட முடியவில்லை. சத்தம் அடித்தொண்டையிலேயே நின்றது. அவர்களுள் ஒருவனைப் பார்த்து, “தம்பி, உனக்கு இன்னும் குரல் நிலைக்கவில்லை, பின்வரிசையில் நில்” என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாள் அதே மாணவன் பழைய நூலின் போட்டோப்பிரதி ஒன்றைப் பார்த்து அதே பகுதியைத் தெளிவாகப் பாடிக்கொண்டிருந்தான். அப்போதுதான் விளங்கியது. குறை அவனுடைய குரலில் இல்லை. நான் கொடுத்த தாளில். அவனிடம் மன்னிப்புக் கேட்டு, முன்வரிசைக்கு அழைத்தேன்.

நான் எங்கே பிழைவிட்டேன்? இப்பாடத்தைக் கற்று முடிக்கும்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

2. நினைவிற்கொள்ள வேண்டிய அடிப்படைகள்

2.1 ஒக்டேவ்

ஒரு சுரத்தின் அதிர்வெண் இருமடங்காகும்போது அதே பெயருடைய சுரம் ஒரு ஒக்டேவ் மேலே ஒலிக்கும். நடு சீக்கு மேலுள்ள ஏ சுரத்தின் நியம அதிர்வெண் 440 ஹேர்ட்ஸ் ஆகும். அதற்கு ஒரு ஒக்டேவ் கீழுள்ள ஏ 220 ஹேர்ட்ஸ்.

பெயர் ஒன்றாக இருப்பதால் எந்த ஒக்டேவ் என்று காட்ட இலக்கம் சேர்க்கிறோம். நடு சீ என்பது சீ-4 ஆகும். அதற்கு மேலுள்ள டீ, ஈ, எஃப், ஜீ, ஏ, பீ யாவும் 4 என்ற இலக்கத்தையே பெறும். அடுத்த சீ வரும்போதுதான் இலக்கம் 5 ஆகும்.

கவனிக்க: சில மென்பொருள்களும் மின் விசைப்பலகைகளும் நடு சீயை சீ-3 எனக் குறிக்கின்றன. புதிய மென்பொருளைத் திறந்தால் முதலில் நடு சீயை இட்டு, அதன் பெயர் என்ன காட்டப்படுகிறது என்று பாருங்கள்.

2.2 கிளெஃப்

ஐந்து கோடுகளுக்குத் தாமாகப் பெயர் கிடையாது. பெயரைக் கொடுப்பது கிளெஃப்.

• ட்ரெபிள் கிளெஃப்: 2ஆம் கோடு ஜீ-4. நடு சீ, ஸ்டேவுக்குக் கீழே முதலாவது லெஜர் கோட்டில்.
• பேஸ் கிளெஃப்: 4ஆம் கோடு எஃப்-3. நடு சீ, ஸ்டேவுக்கு மேலே முதலாவது லெஜர் கோட்டில்.
• அல்டோ கிளெஃப்: நடு சீ 3ஆம் கோட்டில். வியோலாவுக்குரியது.
• டெனர் கிளெஃப்: நடு சீ 4ஆம் கோட்டில். செலோ, ட்ரொம்போன் ஆகியவற்றின் உயர்ந்த பகுதிகளுக்குப் பயன்படும்.
• அடியில் 8 உடைய ட்ரெபிள் கிளெஃப்: 2ஆம் கோடு ஜீ-3. நடு சீ 3ஆம் இடைவெளியில். டெனர் குரலுக்கும் கிற்றாருக்கும் உரியது.

இங்கு பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. டெனர் குரலை இன்று டெனர் கிளெஃபில் எழுதுவதில்லை. திறந்த ஸ்கோரில் டெனர் குரலுக்கு அடியில் 8 உடைய ட்ரெபிள் கிளெஃபையே தெரிவுசெய்ய வேண்டும். பழைய நூல்கள் பலவற்றில் அந்த 8 அச்சிடப்பட்டிருக்காது. ஆயினும் டெனர் பாடகர் ஒரு ஒக்டேவ் கீழாகவே பாடுவார். அது வழக்கம்.

2.3 எழுதப்படும் சுரமும் ஒலிக்கும் சுரமும்

• வயலின், மேலைத்தேயப் புல்லாங்குழல், ஓபோ, செலோ: எழுதியவாறே ஒலிக்கும்.
• டெனர் குரல் (ட்ரெபிள் கிளெஃபில்), கிற்றார், டபிள் பேஸ்: எழுதியதிலும் ஒரு ஒக்டேவ் கீழே.
• டெஸ்கன்ட் ரெக்கோடர், பிக்கலோ: எழுதியதிலும் ஒரு ஒக்டேவ் மேலே.
• குளொக்கன்ஸ்பீல்: எழுதியதிலும் இரண்டு ஒக்டேவ் மேலே.
• பீ பிளாட் கிளரினெட், பீ பிளாட் ட்ரம்பெட்: எழுதியதிலும் ஒரு டோன் கீழே.
• பீ பிளாட் டெனர் சக்ஸபோன்: எழுதியதிலும் ஒரு ஒக்டேவும் ஒரு டோனும் கீழே.
• ஈ பிளாட் அல்டோ சக்ஸபோன்: எழுதியதிலும் மேஜர் 6ஆம் இடைவெளி கீழே.
• யூபோனியம்: பேஸ் கிளெஃபில் எழுதினால் எழுதியவாறே ஒலிக்கும். பாண்ட் வாத்தியக் குழுக்களின் ட்ரெபிள் கிளெஃப் பகுதியாயின் ஒரு ஒக்டேவும் ஒரு டோனும் கீழே.

டபிள் பேஸ் என்ற பெயரே அது பேஸ் பகுதியை ஒரு ஒக்டேவ் கீழே இரட்டித்து வாசித்ததால் வந்தது. 1824இல் வியன்னாவில் முதன்முதலாக அரங்கேறிய பீத்தோவனின் 9ஆவது சிம்பொனியின் இறுதிப் பாகத்தில், புகழ்பெற்ற அந்த மெட்டை முதலில் வாசிப்பவை செலோக்களும் டபிள் பேஸ்களுமே. தாளில் இரண்டுக்கும் ஒரே சுரங்கள். காதில் ஒரு ஒக்டேவ் வித்தியாசம்.

3. பிழைகள் தோன்றும் காரணம்

கையால் பிரதிசெய்யும்போது நாம் இடத்தைப் பிரதிசெய்கிறோம். 3ஆம் கோட்டில் உள்ளதை 3ஆம் கோட்டில் எழுதுகிறோம். கணினியில் ஒரு பகுதியைத் தெரிவுசெய்து வேறு ஸ்டேவில் ஒட்டும்போது மென்பொருள் ஒலியைப் பிரதிசெய்கிறது. ஒலி மாறாதிருக்கும்படி சுரங்களின் இடத்தை மாற்றுகிறது. ஸ்டேவின் கிளெஃபை மாற்றும்போதும் இதுவே நடக்கிறது.

இவ்வொன்றை விளங்கிக்கொண்டால் பாதிப் பிழைகள் தீர்ந்துவிடும். கிளெஃபை மாற்றி ஒலியைத் திருத்த முடியாது. ஒக்டேவை மாற்றித் தாளின் அழகைத் திருத்தவும் கூடாது.

4. திருத்தும் முறை

பிழை ஒன்றைக் கண்டால் உடனே சாவியை அழுத்தாதீர்கள். முதலில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்.

(அ) ஒலி சரியா?
(ஆ) தாளில் உள்ள இடம் சரியா?

ஒலியைச் செவியால் மட்டும் முடிவுசெய்ய வேண்டாம். ஒரு சுரத்தைத் தெரிவுசெய்தால் அதன் பெயரும் ஒக்டேவ் இலக்கமும் மியூஸ்ஸ்கோரில் திரையின் அடிப்பகுதியில் தோன்றும். மூலப்பிரதியின் முதற் சுரத்தோடு அதனை ஒப்பிடுங்கள்.

நிலை 1: ஒலி சரி, இடம் பிழை. லெஜர் கோடுகள் குவிந்திருக்கும். கிளெஃப் மட்டுமே பொருத்தமற்றது. சரியான கிளெஃபை இடுங்கள். சுரங்கள் தாமாக ஸ்டேவுக்குள் வந்துவிடும்.

நிலை 2: இடம் சரி, ஒலி ஒரு ஒக்டேவ் பிழை. ஸ்டேவ் தவறான வாத்தியமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம், அல்லது 8 இல்லாத கிளெஃப் இடப்பட்டிருக்கலாம். இதற்கு இரண்டு படிகள் தேவை. முதலில் பகுதி முழுவதையும் தெரிவுசெய்து ஒக்டேவை மாற்றுங்கள். மியூஸ்ஸ்கோரில் கொன்ட்ரோல் சாவியுடன் மேல் அல்லது கீழ் அம்புக்குறிச் சாவியை அழுத்தினால் ஒரு ஒக்டேவ் நகரும். பின்னர் உரிய கிளெஃபை இடுங்கள்.

நிலை 3: இரண்டும் பிழை. பிரதிசெய்தபோதே சுரங்கள் தவறாக இடப்பட்டுள்ளன. ஒலியை முதலில் திருத்துங்கள், பின்னர் இடத்தைப் பாருங்கள்.

இனி என் பிழை புலப்படும். என்னுடையது நிலை 2. முதற் படியைச் செய்தேன். இரண்டாம் படியை விட்டுவிட்டேன். தாளில் 8 இல்லாத ட்ரெபிள் கிளெஃப் இருந்ததால், மாணவர்கள் வழக்கம்போல் எழுதியதிலும் ஒரு ஒக்டேவ் கீழே பாட முயன்றார்கள். ஆக, பகுதி இருமுறை இறங்கிவிட்டது. கணினியில் சரியாக ஒலித்தமையே என்னை ஏமாற்றியது. கணினி தாளை வாசிப்பதில்லை, மனிதர் வாசிக்கிறார்கள்.

5. செய்துகாட்டிய உதாரணங்கள்

உதாரணம் 1: சுருங்கிய ஸ்கோரிலிருந்து திறந்த ஸ்கோருக்கு

இரண்டு ஸ்டேவ்களில் எழுதப்பட்ட நான்கு குரல் இசையில் டெனர், பேஸ் கிளெஃபில் மேற்குரலாக இருக்கும். அதன் தண்டுகள் மேல்நோக்கியவை. டெனர் சுரங்கள் சீ-4, பீ-3, ஏ-3, ஜீ-3 எனக் கொள்வோம்.

பேஸ் கிளெஃபில் இடங்கள்: மேல் முதலாவது லெஜர் கோடு, 5ஆம் கோட்டுக்கு மேலுள்ள இடைவெளி, 5ஆம் கோடு, 4ஆம் இடைவெளி.

அடியில் 8 உடைய ட்ரெபிள் கிளெஃபில் இடங்கள்: 3ஆம் இடைவெளி, 3ஆம் கோடு, 2ஆம் இடைவெளி, 2ஆம் கோடு.

சாதாரண ட்ரெபிள் கிளெஃபில் ஒட்டினால் முதற் சுரம் கீழ் லெஜர் கோட்டிலும் இறுதிச் சுரம் இரண்டாவது லெஜர் கோட்டுக்குக் கீழேயும் தொங்கும். டெனர் பகுதி இவ்வாறு தொங்கினால் கிளெஃபில் 8 இல்லை என்று உடனே அறிந்துகொள்ளலாம். ஒட்டிய பின்னர் தண்டுகளின் திசையையும் பாருங்கள். தனி ஸ்டேவில் தனிக்குரலாக இருக்கும்போது, நடுக்கோட்டுக்குக் கீழுள்ளவற்றின் தண்டு மேலும், மேலுள்ளவற்றின் தண்டு கீழும் செல்ல வேண்டும்.

உதாரணம் 2: செலோவிலிருந்து டபிள் பேஸுக்கு

செலோ பகுதியை டபிள் பேஸ் ஒரு ஒக்டேவ் கீழே இரட்டிக்க வேண்டும். டபிள் பேஸ் எனச் சரியாக அறிவித்த ஸ்டேவில் செலோவின் சீ-3ஐ ஒட்டினால் மென்பொருள் ஒலியைக் காப்பாற்றும். எனவே தாளில் சீ-4 தோன்றும். நமக்குத் தேவை தாளில் செலோவின் அதே சுரம். ஆகவே முழுப்பகுதியையும் ஒரு ஒக்டேவ் இறக்க வேண்டும்.

அடுத்து வீச்சைப் பாருங்கள். செலோவின் மிகத் தாழ்ந்த சுரம் சீ-2. நான்கு தந்தி டபிள் பேஸின் மிகத் தாழ்ந்த சுரம் தாளில் ஈ-2 (ஒலி ஈ-1). அதற்குக் கீழே செலோ செல்லுமிடத்தில் டபிள் பேஸை ஒரு ஒக்டேவ் உயர்த்துவது அவசியம். அப்போது ஒரு சுரத்தை மட்டும் பிடுங்கி உயர்த்தாமல் அந்த இசைவாக்கியம் முழுவதையும் உயர்த்துங்கள். இல்லையேல் இடையில் மெட்டு துள்ளிக் குதிக்கும். வீச்சுக்கு வெளியேயுள்ள சுரங்களை மியூஸ்ஸ்கோர் திரையில் வேறு நிறத்தில் காட்டும். இந்நிறம் தாளில் அச்சாகாது. ஆகையால் அச்சிடுமுன் பார்த்துவிடுங்கள்.

உதாரணம் 3: யூபோனியம், பேஸ் கிளெஃபிலிருந்து ட்ரெபிள் கிளெஃபுக்கு

பாண்ட் வாத்தியக் குழுவில் ஒரு மாணவி ட்ரெபிள் கிளெஃப் மட்டுமே வாசிக்கப் பழகியவர். கையில் உள்ளதோ பீ பிளாட் மேஜரில் அமைந்த பேஸ் கிளெஃப் பகுதி. முதற் சுரம் 2ஆம் கோட்டிலுள்ள பீ பிளாட்-2.

கிளெஃபை மட்டும் மாற்றினால் அச்சுரம் ஸ்டேவுக்குக் கீழே ஐந்தாவது லெஜர் கோட்டுக்குப் போய்விடும். இங்கே மாற்ற வேண்டியது ஸ்டேவின் வாத்தியம். ட்ரெபிள் கிளெஃப் யூபோனியம் எனத் தெரிவுசெய்தால் ஒரு ஒக்டேவும் ஒரு டோனும் மேலேற்றி எழுதப்படும். பீ பிளாட்-2, சீ-4 ஆகும். சுருதிக்குறி சீ மேஜருக்கு மாறும். பரீட்சையிலும் இதே ஒழுங்கில் செய்யுங்கள்: முதலில் சுருதிக்குறி, அடுத்து முதற் சுரம், பின்னர் ஏனையவை.

6. அடிக்கடி நிகழும் வேறு தவறுகள்

• ஒலிக்கும் சுருதியிலேயே அச்சிடுதல். மென்பொருள்களில் எல்லா வாத்தியங்களையும் ஒலிக்கும் சுருதியில் காட்டும் ஒரு பொத்தான் உண்டு. சரிபார்க்க அது உதவும். ஆனால் அதனை நிறுத்தாமல் அச்சிட்டால் ட்ரம்பெட் மாணவர் ஒரு டோன் கீழே வாசிப்பார்.

• ஒக்டேவ்க் கோட்டை மறத்தல். சுரங்களுக்கு மேலே 8 உடன் புள்ளிக்கோடு இருந்தால் அப்பகுதி ஒரு ஒக்டேவ் மேலே ஒலிக்கும். சிறு துண்டை மட்டும் பிரதிசெய்யும்போது அக்கோடு சேர்ந்து வராமற் போகலாம். ஒட்டிய இடத்தில் கோடு உள்ளதா என்று பாருங்கள்.

• தனித்தாளில் சுரத்தை மாற்றுதல். மென்பொருளில் தனித்தாளும் முழு ஸ்கோரும் இணைக்கப்பட்டிருந்தால், ஒன்றில் சுரத்தை மாற்றும்போது மற்றதிலும் மாறும். பரிசோதனை செய்ய விரும்பினால் கோப்பை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள்.

• பகுதி நடுவே கிளெஃப் மாறுவதைக் கவனியாமை. செலோ, ட்ரொம்போன் பகுதிகளில் டெனர் கிளெஃப் நடுவில் வந்துபோகும். கையால் இடும்போது அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மூலப்பிரதியில் பென்சிலால் அடையாளமிடுங்கள்.

அச்சிடுமுன் இறுதியாக ஒன்று செய்யுங்கள். கணினியை நிறுத்திவிட்டு, தாளைக் கையில் எடுத்து, அந்த வாத்தியக்காரராக உங்களை நினைத்து முதல் நான்கு பார்களை வாசித்துப் பாருங்கள்.

7. பயிற்சி வினாக்கள்

(1) பேஸ் கிளெஃபின் 4ஆம் கோட்டில் ஒரு சுரம் உள்ளது. மென்பொருளில் அல்டோ கிளெஃபுக்கு மாற்றினால் அது தோன்றுமிடம்,
(அ) 1ஆம் கோடு (ஆ) 2ஆம் கோடு (இ) 3ஆம் கோடு (ஈ) 4ஆம் கோடு

(2) டெஸ்கன்ட் ரெக்கோடருக்கு நடு சீ எழுதப்பட்டுள்ளது. ஒலிக்கும் சுரம்,
(அ) சீ-3 (ஆ) சீ-4 (இ) சீ-5 (ஈ) சீ-6

(3) ட்ரெபிள் கிளெஃப் யூபோனியத்திற்கு டீ-4 எழுதப்பட்டுள்ளது. ஒலிக்கும் சுரம்,
(அ) ஈ-4 (ஆ) சீ-4 (இ) டீ-3 (ஈ) சீ-3

(4) செலோவும் டபிள் பேஸும் பேஸ் கிளெஃபின் 5ஆம் கோட்டிலுள்ள ஒரே சுரத்தை வாசிக்கின்றன. செலோ 220 ஹேர்ட்ஸில் ஒலித்தால் டபிள் பேஸ்,
(அ) 440 (ஆ) 220 (இ) 110 (ஈ) 55 ஹேர்ட்ஸில் ஒலிக்கும்.

(5) அமைப்பு வினா: செலோவுக்கு ஜீ-2, ஈ-2, டீ-2, சீ-2 என எழுதப்பட்டுள்ளது. நான்கு தந்தி டபிள் பேஸ் இதனை ஒரு ஒக்டேவ் கீழே இரட்டிக்க வேண்டும்.
(i) டபிள் பேஸ் தாளில் எழுத வேண்டிய சுரங்கள் எவை?
(ii) அவற்றுள் வாசிக்க முடியாதவை எவை? காரணம் தருக.
(iii) நீர் மேற்கொள்ளும் திருத்தத்தைக் கூறுக.

விடைகள்

(1) அ. சுரம் எஃப்-3. அல்டோ கிளெஃபில் நடு சீ 3ஆம் கோடு. அதிலிருந்து கீழே எண்ணினால் 2ஆம் கோடு ஏ-3, 1ஆம் கோடு எஃப்-3.

(2) இ. ஒரு ஒக்டேவ் மேலே ஒலிக்கும்.

(3) ஈ. ஒரு டோன் இறங்கினால் சீ-4. மேலும் ஒரு ஒக்டேவ் இறங்கினால் சீ-3. (ஆ)வைத் தெரிவுசெய்தவர்கள் ஒக்டேவை மறந்தவர்கள்.

(4) இ. ஒரு ஒக்டேவ் கீழே செல்லும்போது அதிர்வெண் பாதியாகும்.

(5) (i) ஜீ-2, ஈ-2, டீ-2, சீ-2. தாளில் செலோவின் அதே சுரங்கள். (ii) டீ-2, சீ-2. தாளில் மிகத் தாழ்ந்த சுரம் ஈ-2 ஆகையால். (iii) இசைவாக்கியம் முழுவதையும் ஒரு ஒக்டேவ் உயர்த்தி ஜீ-3, ஈ-3, டீ-3, சீ-3 என எழுதுதல். அப்போது டபிள் பேஸ் செலோவின் அதே சுருதியில் ஒலிக்கும்.

மாணவர்களே, நாளை உங்கள் பாடசாலைக் குழுவுக்கு நீங்களும் தாள் எழுதிக் கொடுப்பீர்கள். வாசிப்பவர் தடுமாறினால் அவரைக் குறைசொல்லுமுன் தாளை ஒருமுறை பாருங்கள். கிளெஃபைப் பாருங்கள், ஒக்டேவைப் பாருங்கள். அதன் பின்னர் பேசுங்கள்.